பதம்

கடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கழனிவாசல் போகிற வழியில் தகரக் கூரை,
மூன்று விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு,
உமையாள் ஆச்சியின் பலகாரக் கம்பெனி.
சட்டியிலிருந்து ஏறும் முதல் தேன்குழல்
சாமிக்கு இல்லை, எனக்கு.
வலது கடைவாயில் வைத்து ஒரே கடி.
"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பேன்.
"வெண்ணெய் கூடிப்போச்சு" என்பேன்.
சிங்கப்பூர் போன டின்னெல்லாம்
என் பல்லைத் தாண்டித்தான் போயின.

அந்தப் பல்தான்.

புரட்டாசி பிறந்த வாரம், நடுச்சாமம்.
தாடைக்குள் யாரோ சம்மணம் போட்டு
மிளகாய் இடிக்க ஆரம்பித்தார்கள்.
படுத்தால் இடி பலமாகக் கேட்டது.
கிராம்பை அடக்கி, துண்டால் முகவாய் கட்டி
அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.
சவரிமுத்து குறட்டை மாறாமல் தூங்கினார்.
பதினாறு வருஷக் கல்யாணத்தில்
அந்த மனுஷன்மேல் அப்படிக் கோபம் வந்ததில்லை.

செக்காலை ரோட்டில் மாடி ஏறினேன்.
"பிடுங்கிப் போட்டிருங்க டாக்டர்."
"வேர் கெட்டியா இருக்கு, பாக்கியமேரி.
நரம்பை மட்டும் எடுத்துட்டுப் பல்லை வச்சுக்கலாம்"
என்றாள் டாக்டர் நஸ்ரின்.
ஊசி போட்டதும் பாதி உதடு காணாமல் போனது.
பூ நாரைவிட மெல்லிசான கம்பி
வேருக்குள் இறங்கி இறங்கி ஏறியது.
பஞ்சில் ஒற்றிக் காட்டினாள்:
இடியாப்பத்தில் ஒடிந்த ஓர் இழை.
இதுவா?
இத்தனூண்டா என்னைச் சுவரில் முட்ட வைத்தது?

மரப்பு தெளியும்வரை எதுவும் வேண்டாம் என்றாள்.
நான் கேட்டேனா, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன்.
பாதி சேலையில்.
உதட்டைக் கடித்துவைத்திருந்ததே
கண்ணாடியில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது.
அதற்கப்புறம் சொன்னதெல்லாம் கேட்டேன்.
நோவு நின்ற பிறகும்
ஐந்து நாள் மாத்திரையை முழுசாக விழுங்கினேன்.
வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்,
குழைந்த ரசம் சோறு, மெத்தென்ற பிரஷ்.
கடித்தால் ரெண்டு மூணு நாள் கூசும், பயம் வேண்டாம்;
வீங்கினால், காய்ச்சல் அடித்தால்
ராத்திரி ஆனாலும் போன் பண்ணு என்றாள்.

மூன்றாம் தடவை வேரை அடைத்து முடித்தாள்.
"மேலே இருக்கிறது தற்காலிகம்.
கேப் போடுறவரைக்கும் அந்தப் பக்கம்
முறுக்கு, சீடை, கரும்பு தொடக்கூடாது."
என்னிடம் போய்!

தீபாவளிக்கு எண்பது கிலோ மனகோலம் ஆர்டர்.
இடப்பக்கம் கடித்தேன்.
அது சொன்ன பதத்தை என்னால் நம்ப முடியவில்லை;
இடது காலில் செருப்பை மாற்றிப் போட்டதுபோல் இருந்தது.
அப்புறம் காதருகே கொண்டுபோய்
விரலால் ஒடித்தேன்.
'மளுக்' என்றால் ஈரம்.
'படக்' என்றால் இறக்கலாம்.

கேப்புக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
"வலிதான் போச்சே, தை மாசம் பார்த்துக்க"
என்றார் ஆச்சி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.
பல் சத்தமே போடவில்லை.
ஒரு சாயங்காலம் கானாடுகாத்தானில் டின் இறக்கப் போனேன்.
எண்பது ஜன்னல் வீடு, உள்ளே ஒருத்தரும் இல்லை.
மேலே ரெண்டு பேர் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குண்ணே?"
"ஆள் இருந்தா ஒழுகுறது தெரியும்.
இதுக்கு யாரு சொல்லுவா?"

மறுநாளே சீட்டை எடுத்தேன், தள்ளுபடி போக.

கேப் உட்கார்ந்ததும் நஸ்ரின்
நீலத்தாள் துண்டொன்றைப் பல்லிடுக்கில் வைத்தாள்.
"கடி. அரை. இன்னொரு தடவை."
உப்பில்லை, காரமில்லை, சத்தமும் இல்லை.
வாயைத் திறந்து காத்திருந்தேன்.
குனிந்து பார்த்தாள், ஓரத்தை லேசாய்த் தேய்த்தாள்,
மறுபடி தாள், மறுபடி கடி.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை
நான் கடிக்க
இன்னொருத்தி பதம் சொன்னாள்.